சாக்ஸ் போட்ட பொம்மை

ஷெரின் டீச்சருக்கு ஜப்பான் பொம்மைகள் மேல் இருந்த பித்து, ஆரப்பாளையத்தில் அவர்கள் குடியிருந்த தெருவுக்கே தெரியும். கூரியர்காரர் மாடிப்படி ஏறும்போதே, “டீச்சர், பாப்பா வந்திருக்கு” என்று குரல் கொடுப்பார். பெட்டிக்குள் பெரும்பாலும் பழைய பொம்மைதான் இருக்கும். ஜப்பானில் யாரோ ஆசையாக வாங்கி, வைத்திருந்து, அலுத்துப்போய் இணையத்தில் விற்றது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம். பெரிய தலை, குச்சி உடம்பு, முகத்தில் பாதி கண்.

மிஷன் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறவள் அவள். விடைத்தாளில் தப்பு விட்ட பிள்ளைக்கு, ஓரத்தில் அழுகிற சோதனைக்குழாய் ஒன்றை வரைந்து வைப்பாள். முழு மதிப்பெண் வாங்கினால் முயல்காது வைத்த பீக்கர். ஜப்பான்காரர்கள் ‘கவாயி’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் கன்னத்தைக் கிள்ளி வைக்கலாமா என்று வருகிற உணர்ச்சிக்கு அந்தப் பெயர். ஷெரினுக்கு அந்த உணர்ச்சி கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

பிள்ளை இல்லாதவள் என்றால் ஊர் உடனே ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கும். அவளுக்கோ கோயம்புத்தூரில் என்ஜினியரிங் படிக்கிற டயானா என்ற மகள் இருந்தாள். அந்த டயானா சின்ன வயதிலேயே பொம்மையைத் தொடாதவள். ஆகவே ஆசிரியர் அறையில் யாருக்கும் இது பிடிபடவில்லை. “இத வச்சு என்னதான் செய்வீங்க?” என்று கேட்பார்கள். ஷெரின் சிரித்து மழுப்பிவிடுவாள்.

பொம்மை வாங்குவதைவிட அதற்குத் துணி தைப்பதில்தான் அவள் பொழுதெல்லாம் போனது. சுண்டுவிரல் அகலத்தில் ஒரு கை வைக்க வேண்டும், அதில் சுருக்கம் விழக் கூடாது. கடுகளவு பிரஸ் பட்டனைப் பிடித்துத் தைக்க வேண்டும். இயந்திரத்தில் ஓட்டினால் துணியையே விழுங்கிவிடும் என்பதால் எல்லாம் கைத்தையல். கணவன் ஆல்பின், குடிநீர் வடிகால் வாரியத்தில் எழுத்தர். அவன் செய்தித்தாள் படிக்கும்போது அவள் எதிரில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பாள். கீழே விழுந்த குண்டூசி காலில் குத்தினால் மட்டும் அவன் தலை நிமிர்த்துவான்.

அவள் பொம்மைகளில் ஒன்றின் பெயர் மோச்சி. ஜப்பானில் வெந்த அரிசியை இடித்துச் செய்கிற ஒரு பலகாரத்தின் பெயர் அது. ஆல்பின் வாயில் அது முதல் நாளே மொச்சை ஆகிவிட்டது. மோச்சியின் பின்தலையில் முடிக்குள்ளிருந்து ஒரு சின்ன வளையம் தொங்கும். அதைப் பிடித்து இழுத்தால் கண்கள் ஒருமுறை மூடித் திறக்கும். திறக்கும்போது வேறு நிறமாகியிருக்கும். நீலம், சிவப்பு, பச்சை என்று மாறி மாறி வரும்.

பொம்மைப் பிரியர்களின் இணையக் குழு ஒன்றில் ஷெரின் இருந்தாள். பல நாட்டுக்காரர்கள் அதில் உண்டு. மாதம் ஒரு தலைப்பு கொடுப்பார்கள். அந்த மாதத் தலைப்பு, ‘எங்கள் ஊர்த் தண்ணீர்’. அவரவர் ஊரின் ஆறு, குளம், கடல் முன்னால் பொம்மையை நிறுத்திப் படம் எடுத்துப் போட வேண்டும்.

“வண்டியூர் தெப்பக்குளம் போவமா?” என்றாள் ஷெரின்.

“ஞாயித்துக்கெழமை தெப்பக்குளத்துல மொச்சைய வச்சு நீ படம் எடுத்தா, ஒன்னையச் சுத்திக் கூட்டம் நின்னு படம் எடுக்கும்” என்றான் ஆல்பின். “கீழக்குயில்குடி போவோம். தாமரைக் கொளம் இருக்கு. ஆளு இருக்காது.”

சர்ச்சில் காலைப் பூசை முடிந்து, சாப்பிட்டுக் கிளம்பினார்கள். மோச்சிக்கு அன்றைக்குப் புதுச் சட்டை. வெள்ளைத் துணியில் நீலக் கோடு போட்ட அகலக் காலர். ஆனால் காலரைத் தைத்து முடிக்க நேரமில்லை. கழுத்துக்குப் பின்னால் நாலைந்து சிவப்புக் கொண்டைக் குண்டூசிகளைக் குத்தி நிறுத்தியிருந்தாள். முன்பக்கம்தானே படத்தில் தெரியப்போகிறது?

சமணர் மலை அடிவாரத்தில், குளத்தில் தாமரை நிறைந்து கிடந்தது. படிக்கட்டில் சில படங்கள் எடுத்தார்கள். பிறகு ஆலமரத்தடிக்கு வந்து, வேர் மடிப்பு ஒன்றில் மோச்சியை உட்கார வைத்து, பின்னால் குளம் தெரிகிற மாதிரி எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது மழை வந்துவிட்டது. தூறல் இல்லை, முன்னறிவிப்பு இல்லை, ஒரே கொட்டு. கேமராவை ஆல்பின் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். பொம்மைப் பெட்டியையும் பையையும் வாரிக்கொண்டு இருவரும் வண்டியை நோக்கி ஓடினார்கள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் மோச்சி இல்லை.

“நீங்க எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்.”

“நீதான் எடுத்தன்னு நான் நெனச்சேன்.”

மறுபடி கிளம்பினார்கள். வழியில், காளவாசலில் முழங்கால் அளவுத் தண்ணீர். வண்டி இருமிவிட்டு நின்றுபோனது. தள்ளிக்கொண்டுதான் வீடு திரும்ப முடிந்தது. அன்று ஷெரின் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் ஆல்பின் வாசலில் வந்து நின்றான். நேராகக் கீழக்குயில்குடிக்குப் போனார்கள். ஆலமரத்தடியில் மோச்சி இல்லை. ஆனால் வேரைச் சுற்றித் திருநீறு கொட்டிக் கிடந்தது. நறுக்கிய எலுமிச்சம்பழம் ஒன்றும் கிடந்தது. சற்றுத் தள்ளி இருந்த டீக்கடை முன்னால் ஒரே கூட்டம், சத்தம்.

டீக்கடை மலைச்சாமி என்கிற ஐம்பது வயதுக்காரருடையது. ஆல்பின் அவரிடம் போய், “என்னண்ணே பிரச்சன?” என்று மெல்லக் கேட்டான்.

“அத ஏன் கேக்குறீக சார்” என்று அவர் குரலைத் தாழ்த்தினார். “காலைல அந்த ஆலமரத்து வேருல ஒரு பொம்ம. செய்வினைப் பொம்ம. கழுத்துல ஊசி குத்தி, கருப்பசாமி கோயிலப் பாத்து ஒக்கார வச்சிருக்கான். சங்கிலின்னு டிராக்டர் ஓட்டுற பய, கம்ப வச்சுத் தள்ளிப் பாத்திருக்கான். கம்பு தலைமுடில எங்கயோ மாட்டி இழுத்துருக்கு. நீலமா இருந்த கண்ணு மூடித் தெறந்து ரத்தச் செவப்பாயிருச்சாம். போர்வையப் போத்திப் படுத்தவன் இன்னும் எந்திரிக்கல.”

ஷெரின் ஆல்பினுக்குப் பின்னால் நகர்ந்து நின்றாள்.

“இப்ப அது எங்க?” என்றான் ஆல்பின்.

“அதான் சார் வெவகாரமே. குறி சொல்ற கோடாங்கியக் கூட்டியாரப் போனோம். அந்தாளு வந்து பாத்தா பொம்மையக் காணோம். எந்திரிச்சுப் போயிருச்சுங்கிறாக.”

கூட்டத்தின் நடுவில் இரண்டு பேர் மோதிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பன் மகன், பெரியப்பன் மகன். கண்மாய் மீன் ஏலம் இந்த முறை முத்திருளனுக்கு விழுந்திருந்தது. போன முறை எடுத்த நல்லகாமனுக்குக் கிடைக்கவில்லை. அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

“எனக்கு ஏலம் வந்தது ஒனக்குப் பொறுக்கலடா” என்று முத்திருளன் கத்தினான். “அதான் எம்பேருக்கு வச்சிட்ட!”

“எங்காத்தா சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றான் நல்லகாமன். அவன் கண் கலங்கியிருந்தது. “ஒம்மேல கோவம்னா எனக்குப் பொம்ம எதுக்குடா? நேருக்கு நேரா வந்து அடிக்க மாட்டேனா?”

ஆல்பின் மனைவியின் கையைத் தொட்டான். “வா, போயிருவோம். வேற வாங்கிக்கலாம்.”

ஷெரின் ஓர் அடி வண்டிப்பக்கம் வைத்தாள். அப்போது நல்லகாமனின் முகத்தைப் பார்த்தாள். தான் நேரமில்லாமல் குத்திய ஊசிக்கு அந்த ஆள் ஆத்தா மேல் சத்தியம் செய்துகொண்டிருக்கிறான். அவளுக்குப் போக மனம் வரவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

“அண்ணே, அது என் பொம்மை. நாந்தான் வச்சேன்.”

சத்தம் அப்படியே அடங்கியது. கையில் டீச்சர் பையும் கழுத்தில் சின்னச் சிலுவையுமாக நிற்கிற அந்த அம்மாவை எல்லோரும் ஏற இறங்கப் பார்த்தார்கள்.

“யார் பேருக்கு வச்சீக?” என்று முத்திருளன் கேட்டான்.

“யார் பேருக்கும் இல்ல. நான் பள்ளிக்கூட டீச்சர். போட்டோ எடுக்கத்தான் வந்தோம். மழை வந்துருச்சு, மறந்துட்டுப் போயிட்டோம்.”

“போட்டோ எடுக்க எதுக்கும்மா ஊசி குத்தணும்?”

“காலர் இன்னும் தைக்கல. நழுவாம இருக்கக் குத்துனேன்.”

எங்கேயோ ஒருவர் ‘ஹூம்’ என்றார். அவள் அவசரமாகப் போனை எடுத்து, கேமராவிலிருந்து அதில் ஏற்றியிருந்த நேற்றைய படங்களைக் காட்டினாள். தாமரைகளுக்கு முன்னால் மோச்சி லட்சணமாக நின்றுகொண்டிருந்தது. போன் கைமாறிக் கைமாறிப் போனது. நல்லகாமன் படத்தை விரித்துப் பார்த்துவிட்டு, “இதுல ஊசியே இல்லையே?” என்றான்.

ஊசியெல்லாம் பின்கழுத்தில் அல்லவா இருக்கிறது. அதை எப்படிச் சொன்னாலும் யாரும் நம்புகிற மாதிரி வரவில்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவளுக்கு அங்கே குரல் எடுபடவில்லை. ஆல்பின் அவளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான்.

அப்போது, “வழிய விடுங்கப்பா” என்று ஒரு பெண்குரல் கேட்டது. முத்திருளன் மனைவி ராமக்காள். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு மஞ்சப்பை. அதிலிருந்து துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்து, டீக்கடைப் பெஞ்சில் வைத்துப் பிரித்தாள். மோச்சி. தலைமுடி உலர்ந்து, வாரிச் சடை போட்டிருந்தது.

கூட்டம் பின்வாங்கியது.

“நாந்தான் எடுத்துட்டுப் போனேன்” என்றாள் ராமக்காள்.

“அறிவிருக்கா ஒனக்கு?” என்று முத்திருளன் அலறினான். “வீட்டுக்குள்ளயா வச்சிருந்த?”

“பின்ன? அரிசிப் பானை மேலதான் வச்சிருந்தேன். நீங்கள்லாம் கோடாங்கியக் கூப்பிடப் போனீக. நான் கிட்டப் போயி பாத்தேன். எனக்கும் பயந்தான். ஆனா காலப் பாத்தேன். சாக்சு போட்டிருந்துச்சு.” அவள் பொம்மையின் காலைத் தூக்கிக் காட்டினாள். நகக்கண் அளவு வெள்ளை சாக்ஸ், விளிம்பில் லேஸ். “ஈரத்துல கெடக்கே, கழத்திக் காயப்போடுவோம்னு எடுத்தேன். பாவாடைக்கு உள்ள இன்னொரு பாவாட. அதுக்கு உள்ள ஜட்டி. அம்புட்டுக்கும் ஓரம் மடிச்சுத் தச்சிருக்கு. ஏன்யா, எந்த மந்திரவாதி செய்வினைப் பொம்மைக்கு ஒக்காந்து ஜட்டி தைப்பான்?”

பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அது பக்கத்திலிருந்தவளைப் பிடித்தது. மலைச்சாமி டீ ஆற்றுவதை விட்டுவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஷெரினுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

முத்திருளன் விடவில்லை. “கண்ணு மாறுச்சுன்னானே சங்கிலி?”

“மாறத்தான் செய்யும்” என்று ராமக்காள் மோச்சியைத் திருப்பி, சடைக்கு அடியில் இருந்த வளையத்தைப் பிடித்து இழுத்தாள். கடகட என்று ஒரு சத்தம். சிவப்புக் கண் மூடிப் பச்சையாகத் திறந்தது. நின்றவர்கள் மறுபடி ஓரடி பின்னால் போனார்கள். “இங்க பாருங்க, கயிறு. லைட்டுக்குக் கயித்த இழுக்குற மாதிரி. நான் காலைலயிருந்து எத்தன தடவ இழுத்தேன்னு எனக்கே தெரியாது. எனக்கு ஒண்ணும் ஆகலையே?”

முதலில் முன்னால் வந்தவன் நல்லகாமன். லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு விரலால் வளையத்தைப் பிடித்து மெல்ல இழுத்தான். நீலம் வந்தது. “அட!” என்றான். குனிந்து கண்ணுக்குள் பார்த்தான். “உள்ள என்னமோ உருளுதுடா.”

“தள்ளு, நான் பாக்குறேன்” என்றான் முத்திருளன்.

இருவரும் ஒரே பொம்மையின் முகத்துக்கு எதிரில் தலையை முட்டிக்கொண்டு நின்றார்கள். “இன்னொருக்க இழு” என்று முத்திருளன் சொன்னான். யாரிடம் சொல்கிறோம் என்பது அவனுக்கு அப்புறம்தான் உறைத்திருக்க வேண்டும். சட்டென்று நிமிர்ந்து மீசையைத் தடவிக்கொண்டு டீ கேட்டான். மலைச்சாமி இருவருக்கும் சேர்த்தே டீ கொடுத்தார். அவர்கள் அதற்கப்புறம் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் கத்தவும் இல்லை. யாரோ போய்ச் சங்கிலியை அழைத்துவந்தார்கள். அவன் போர்வையோடே வந்து, தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, தனக்கு நேற்றே காய்ச்சல் இருந்ததாகச் சொன்னான்.

ஷெரின் கிளம்பப் பார்த்தாள். ராமக்காள் விடவில்லை. “அந்தக் காலர முடிச்சுட்டுப் போங்க டீச்சர். எப்பிடித் தைக்கிறீகன்னு பாக்கணும். ஊசியெல்லாம் எடுத்துச் சேலைத் தலப்புல குத்தி வச்சிருக்கேன்.”

பையில் எப்போதும் ஊசிநூல் இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து, மோச்சியைக் குப்புற மடியில் போட்டுக்கொண்டு ஷெரின் தைக்க ஆரம்பித்தாள். சுற்றிப் பெண்கள். கேள்விமேல் கேள்வி. நூல் ஒற்றையா ரெட்டையா? ஜப்பானில் பெரியவர்கள்கூட இதை வைத்திருப்பார்களா? முடி நிஜ முடியா? இதற்கு ஏன் வாயே இத்துனூண்டு? வாய் சின்னதாக இருந்தால் அது என்ன நினைக்கிறது என்று நமக்குத் தெரியாது, அதனால் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும் என்றாள் ஷெரின். சொன்னபிறகுதான் அது தனக்கே புதிதாகத் தெரிந்தது.

“பேரு இருக்கா?”

“மோச்சி.”

“மொச்சையா?” என்றாள் ராமக்காள். ஆல்பின் சந்தோஷமாக டீ கிளாஸை உயர்த்தினான்.

கடைசித் தையலைப் போட்டு நூலைப் பல்லால் கடிக்கும்போது ராமக்காள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“இத வச்சு என்ன செய்வீக டீச்சர்?”

ஆசிரியர் அறையில் கேட்கிறவர்களின் குரலில் கேள்விக்குள்ளேயே ஒரு பதில் ஒளிந்திருக்கும். இவள் குரலில் அப்படி எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால் ஷெரினும் யோசித்துச் சொன்னாள்.

“தைப்பேன். போட்டு விடுவேன். அப்புறம் பாத்துக்கிட்டே இருப்பேன்.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

ராமக்காள் கொஞ்சநேரம் மோச்சியின் முகத்தையே பார்த்தாள். “நானும் இன்னைக்கு அதத்தான் செஞ்சேன். வேலைக்கே போகல” என்றாள்.

அதற்கடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, ஷெரின் வீட்டு அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால், அன்றைக்கே விலாசமும் போன் நம்பரும் வாங்கி வைத்திருந்த ராமக்காள். பை நிறைய முருங்கைக்காய். கீழே தெருவில் முத்திருளன் வண்டியை நிறுத்திவிட்டு, மேலே வர மாட்டேன் என்று கையாட்டினான்.

“மத்ததெல்லாம் பாக்கணும்னு வந்தேன்” என்றாள்.

கண்ணாடி பீரோவைத் திறந்து காட்டினாள் ஷெரின். ராமக்காள் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றாள். தொப்பி வைத்தவள், கிமோனோ கட்டியவள், முயல்காதுக்காரி, கவுனுக்குமேல் கவுன் போட்டவள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடைசிவரை பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அழகாத்தான் இருக்கு. ஆனா எல்லாப் புள்ளைகளும் விசேசத்துக்குப் போற மாதிரியே நிக்குதுக. வேலைக்குப் போறது ஒண்ணுகூட இல்லையே டீச்சர்.”

ஷெரின் பீரோவைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு அது தோன்றவே இல்லை.

“வேலைக்குப் போறதுன்னா எப்பிடி இருக்கணும்?”

“எங்களக் கணக்கா. சேலை மேல ஆம்பளச் சட்ட. முழுக்கை. தலையில துண்டு.”

மதியம் சாப்பாட்டை மறந்து இருவரும் உட்கார்ந்தார்கள். ஷெரினின் பழைய பட்டு முந்தானையில் ஒரு கிழிசல் மோச்சிக்குச் சேலையானது. ஆல்பினின் பழைய கட்டம்போட்ட சட்டையின் கை ஒன்று பலியானது. கட்டம் ரொம்பப் பெரிசு, பொம்மைக்குப் பொருந்தாது என்றாள் ஷெரின். நிஜத்திலும் யாருக்குப் பொருந்துகிறது, புருஷன் சட்டைதானே என்றாள் ராமக்காள். தோள் இறங்கித் தொங்கும்படி வெட்டச் சொன்னாள். கையை மடித்து விடச் சொன்னாள். தலையில் துண்டைச் சுற்றுவதை மட்டும் யாரையும் தொடவிடாமல் தானே செய்தாள். ஜப்பான் முகமும் பெரிய கண்ணுமாக, மோச்சி நூறுநாள் வேலைக்குக் கிளம்பி நின்றது. இதைக் கவாயி என்று சொல்லலாமா என்று ஷெரினுக்குத் தெரியவில்லை. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

படத்தைக் குழுவில் போட்டாள். வழக்கமாக இதயக்குறி போட்டுவிட்டுப் போகிறவர்கள் இந்தமுறை நின்று கேள்வி கேட்டார்கள். நகோயாவிலிருந்து ஒரு பெண்மணி, மொழிபெயர்ப்புச் செயலி வழியாக எழுதியிருந்தார்: ‘இந்த உடையின் பெயர் என்ன? இவ்வளவு அழகான புடைவையின்மேல் ஏன் ஆணின் சட்டை? மாதிரி வரைபடம் கிடைக்குமா?’

பெயர் ஷெரினுக்குத் தெரியவில்லை. ராமக்காளுக்குப் போன் போட்டாள்.

“பேரா? வேலைச் சட்டதான், வேறென்ன பேரு” என்றாள் ராமக்காள். பின்னால் ஆட்டுச் சத்தம் கேட்டது. “வெயிலுக்குப் போடுவோம், முள்ளுக்குப் போடுவோம். அது மட்டுமில்ல டீச்சர், ஜாக்கெட்டுல பாக்கெட்டு இருக்காதுல்ல? அதுலதான் பாக்கெட்டு இருக்கு. ஆமா, அன்னைக்கு நாம பாக்கெட்டு வச்சமா?”

ஷெரின் பீரோவைத் திறந்து பார்த்தாள். வைக்கவில்லை.

“அய்யய்ய. பாக்கெட்டு இல்லாம அது எதுக்கு அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு நிக்குது?”

“பாக்கெட்டுல என்ன வைப்பீங்க?”

“வெத்தல, போனு, பஸ்ஸுக்குச் சில்லற” என்று சொல்லிவிட்டு, ஆடு கம்பங்கொல்லைக்குள் நுழைகிறது என்று ராமக்காள் போனை வைத்துவிட்டாள்.

ஷெரின் மோச்சியின் சட்டையைக் கழற்றி மடியில் விரித்தாள். கட்டம்போட்ட துணியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, மூன்று ஓரமும் மடித்து, நெஞ்சுக்கு இடப்பக்கம் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது: இந்தப் பாக்கெட்டுக்குள் போகிற மாதிரி வெற்றிலையை எதில் செய்வது? பச்சைப் பட்டுத்துணியிலா? அதற்கு நரம்பு போடவேண்டுமே. ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, துளசிச் செடியில் ஆகச் சின்ன இலை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மொட்டைமாடிக்கு ஏறினாள்.